கால்கட்டு போட்டால் திருந்திவிடுவானா?

"பையன் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கான். ஒரு கால்கட்டு போட்டுட்டா தானா சரியாயிடுவான்."

ஓசூர், பாகலூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். வீட்டில் பேசுவது தமிழாக இருந்தாலும், தெலுங்காக இருந்தாலும், கன்னடமாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிற பையன். மூன்று மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறான். சம்பளம் வந்த வாரத்திலேயே பாதி காணாமல் போகிறது. கைப்பேசியில் ரம்மி, கிரிக்கெட் பெட்டிங், அதற்காக ஆப் மூலம் வாங்கிய கடன். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் யார் யாரோடோ சகவாசம். அப்பா கத்துகிறார், அம்மா அழுகிறார், தாய்மாமன் வந்து பஞ்சாயத்துப் பேசுகிறார். கடைசியில் எல்லோரும் கூடிக் கண்டுபிடிக்கிற மருந்து, கல்யாணம்.

அந்த மருந்தாக வந்து சேரப்போகிற பெண்ணிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

சினிமாவும் இந்த நம்பிக்கைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் வளர்த்திருக்கிறது. ரவுடியாகத் திரிகிற நாயகன், கோயில் வாசலிலோ பஸ் ஸ்டாப்பிலோ ஒரு நல்ல பெண்ணைப் பார்க்கிறான். அவள் முதலில் வெறுக்கிறாள், பிறகு இரக்கப்படுகிறாள், அப்புறம் காதலிக்கிறாள். இரண்டாம் பாதியில் அவன் தாடியை எடுத்துவிட்டு நல்லவனாகிவிடுகிறான். இந்தக் கதையைத் தமிழ் ரசிகர்கள் எத்தனை முறை பார்த்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஆனால் காதலும் குற்றமும் திருந்துதலும் கலந்த மூன்று படங்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தால், வேறொரு பாடம் கிடைக்கிறது. ஒன்று ஜப்பானில் எடுத்த ஊமைப் படம். இன்னொன்று ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் எடுத்த, வசனமே இல்லாத படம். மூன்றாவது, ஓசூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் தொரப்பள்ளியில் எடுத்தது.

காலில் சுட்ட காதலி

1933ஆம் ஆண்டு. தமிழில் பேசும் படம் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. டி.பி.ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. ஜப்பானிலும் அதே 1931இல் பேசும் படம் வந்துவிட்டது. ஆனாலும் அங்கே ஊமைப் படங்கள் உடனே நின்றுவிடவில்லை. காரணம், திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிற 'பென்ஷி' எனப்படும் கலைஞர்கள். நடிகர்களுக்கு இணையாக அவர்களுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கேயும் ஊமைப் படம் ஓடும்போது பக்கத்தில் நின்று விளக்கம் சொல்கிறவர்கள் இருந்தார்கள் என்பதைப் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கலாம்.

அந்த 1933இல்தான் யசுஜிரோ ஓஸு என்ற இயக்குநர் ஒரு தாதா படம் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 29. பிற்காலத்தில் 'டோக்கியோ ஸ்டோரி' என்ற குடும்பப் படத்தால் உலகமே கொண்டாடிய அதே ஓஸுதான். இந்தப் படத்தின் ஜப்பானியப் பெயர் 'ஹிஜோசென் நோ ஒன்னா'. போலீஸ் வளையத்துக்குள் சிக்கிய பெண் என்று அர்த்தம். உலகம் அதை 'டிராக்நெட் கேர்ள்' என்று அறியும்.

கதாநாயகி தோக்கிகோ. பகலில் ஒரு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற அந்த ஆபீசில்தான் படமே தொடங்குகிறது. முதலாளியின் மகன் அவளுக்கு மோதிரம் கொடுத்து வலை வீசுகிறான். வேலை முடிந்து வெளியே வந்தாலோ, அவள் வேறு ஆள். ஜோஜி என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரனின் காதலி. அவன் ஒரு சின்ன ரவுடிக் கூட்டத்துக்குத் தலைவன்.

அந்தக் கூட்டத்தில் சேர ஆசைப்பட்டு ஹிரோஷி என்ற மாணவன் வருகிறான். படிப்பை விட்டுவிட்டு, பெரிய மனிதன் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டு சுற்றுகிறான். அவனுடைய அக்கா காஸுகோ, இசைத்தட்டு விற்கும் கடையில் வேலை பார்க்கிறவள். அவள் நேராக ஜோஜியிடமே போய், தம்பியை விட்டுவிடும்படி கேட்கிறாள். மிரட்டவில்லை, பெரிதாக அழுது புரளவும் இல்லை. அந்த நேர்மை ஜோஜியைத் தடுமாற வைக்கிறது. அவளைப் பார்ப்பதற்காகவே கடைக்குப் போய் இசைத்தட்டு கேட்க ஆரம்பிக்கிறான்.

தோக்கிகோவுக்குப் பொறாமை. துப்பாக்கியோடு காஸுகோவைத் தேடிப் போகிறாள். ஆனால் நேரில் பார்த்துப் பேசிய பிறகு அவளுக்கே அந்தப் பெண்ணைப் பிடித்துவிடுகிறது. 'இவளைப் போல ஒரு வாழ்க்கை எனக்கும் வேண்டும்' என்கிற ஆசை அங்கேதான் முளைக்கிறது. கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக உட்கார்கிறாள். ரவுடியின் காதலி ஸ்வெட்டர் பின்னப் பார்க்கிறாள்!

இதற்குள் ஹிரோஷி, அக்கா வேலை செய்கிற கடையிலிருந்தே பணத்தைத் திருடிவிடுகிறான். அந்தப் பணத்தை ஈடுகட்டுவதற்காக, ஜோஜியும் தோக்கிகோவும் கடைசியாக ஒரு திருட்டு செய்கிறார்கள். பணத்தைப் பையனிடம் கொடுத்தும் விடுகிறார்கள். போலீஸ் நெருங்கிவிடுகிறது. இருவரும் தப்பி ஓடுகிறார்கள்.

ஓடும் வழியில் தோக்கிகோ நின்றுவிடுகிறாள். சரணடைந்துவிடலாம், தண்டனையை அனுபவித்துவிட்டு வந்து புதிதாக வாழலாம் என்று கெஞ்சுகிறாள். ஜோஜி கேட்கவில்லை. அவன் நடக்கத் தொடங்குகிறான். அவள் அவனுடைய காலில் சுடுகிறாள்.

விழுந்தவனை ஓடிப் போய்க் கட்டிக்கொள்கிறாள். இருவரும் அணைத்தபடி இருக்க, போலீஸ் வந்து விலங்கு மாட்டுகிறது.

தமிழ்நாட்டுப் பெரியவர்கள் சொல்கிற 'கால்கட்டு' இதுதானோ என்று தோன்றும். ஆனால் கவனித்துப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர். இங்கே சொல்கிற கால்கட்டில், அவன் செய்த தப்புக்குக் கணக்கு தீர்க்க வேண்டியதில்லை. பழையதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கட்டிக்கொண்டவள் பொறுத்துக்கொள்வாள். தோக்கிகோ போட்ட கால்கட்டோ, அவனைத் தண்டனையிலிருந்து காப்பாற்றவில்லை. தண்டனையிலிருந்து ஓடாமல் நிறுத்தியது. அதிலும் ஒரு விஷயம். அவள் அவனை மட்டும் மாட்டிவிடவில்லை. தன் பங்குக்குத் தானும் கையை நீட்டுகிறாள்.

இதற்கு மூன்று வருடம் முன்பே, 1930இல், ஓஸு இதே மாதிரி இன்னொரு படம் எடுத்திருந்தார். 'வாக் சியர்ஃபுலி' என்று அதற்குப் பெயர். அதில் கத்திக்காரன் என்று பெயரெடுத்த கென்ஜி, ஆபீஸ் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்காகத் திருந்த நினைக்கிறான். திருந்துகிறேன் என்று வசனம் பேசவில்லை. உயரமான கட்டடத்தில் ஜன்னல் துடைக்கிற வேலைக்குப் போகிறான். அப்படியும் பழைய கணக்கு அவனை விடவில்லை. சிறைக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் அவளோடு சேர முடிகிறது.

பெங்களூரு ஹோட்டலில் ஒரு திருடன்

இப்போது 1987. தாதா படம் என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிற 'நாயகன்' அந்த வருட தீபாவளிக்கு, அக்டோபர் 21 அன்று வந்தது. மணிரத்னம் இயக்கம், கமல் நடிப்பு. அடுத்த மாதமே, நவம்பர் 27 அன்று, அதே கமல் நடித்து வசனமே இல்லாத ஒரு படம் வந்தது. தமிழில் அதற்கு 'பேசும் படம்' என்று குறும்பாகப் பெயர் வைத்தார்கள். கன்னடத்தில் 'புஷ்பக விமானா', தெலுங்கில் 'புஷ்பக விமானம்', இந்தியில் 'புஷ்பக்'. இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ். தயாரித்தவர் சிருங்கார் நாகராஜ். பெங்களூரிலேயே, பெரும்பகுதி விண்ட்சர் மேனர் ஹோட்டலில் எடுத்தார்கள். நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

சத்தம் உண்டு, எல்.வைத்தியநாதனின் இசை உண்டு, பேச்சு மட்டும் இல்லை. வீட்டுக்கு ஒரு மொழி பேசும் ஓசூர் மாதிரி ஊருக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் ஒரே இடத்தில் சிரிக்கலாம்.

கமல் இதில் வேலை கிடைக்காத பட்டதாரி. சினிமா தியேட்டருக்குப் பக்கத்தில் ஓர் அழுக்கு அறையில் வாழ்கிறான். வேலைக்கான வரிசையில் நின்று நின்று ஓய்ந்து போனவன். ஒருநாள் தெருவில் போதையில் விழுந்து கிடக்கும் ஒரு பணக்காரரைப் பார்க்கிறான். அவரிடம் பெரிய ஹோட்டல் அறையின் சாவி இருக்கிறது. அவரைத் தன் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டுவிட்டு, அவருடைய இடத்தில் இவன் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

சிரித்துச் சிரித்துப் பார்க்கிற படம் என்பதால், இவன் செய்தது ஆள்கடத்தல் என்பது பலருக்கு உறைப்பதே இல்லை. துப்பாக்கி இல்லை, கூட்டம் இல்லை. ஆனால் குற்றம், குற்றம்தான்.

ஹோட்டல் மெத்தையில் இவனுக்குத் தூக்கம் வரவில்லை. பழைய அறையில் தியேட்டர் சத்தத்தோடு தூங்கிப் பழகியவன். கடைசியில் அந்தச் சண்டைக் காட்சிச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்துகொண்டு வந்து, அதைப் போட்டுவிட்டுத் தூங்குகிறான். தியேட்டரே அதிரச் சிரித்த காட்சி இது. இருந்த இடத்தை மாற்றிக்கொள்ளலாம், இருந்த ஆளை அவ்வளவு சுலபமாக மாற்றிக்கொள்ள முடியாது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்த ஹோட்டலில் ஒரு மேஜிக் கலைஞரின் மகளாக அமலா. இருவருக்கும் காதல். ஒரு வார்த்தை கிடையாது. கண், கை, ஜன்னல், சைகை அவ்வளவுதான். ஆனால் அவள் காதலிப்பது யாரை? ஹோட்டல் அறைக்காரனையா, அழுக்கு அறைக்காரனையா?

இடையில் ஒரு பிச்சைக்காரர் வருகிறார். முன்பு இவன் பெருமையாக ஒரு காசை எடுத்துக் காட்ட, பதிலுக்கு அவர் தன்னிடம் இருந்த நோட்டுகளைக் காட்டி இவனை வாயடைக்க வைத்தவர். அவர் இறந்துபோகிறார். அவர் சேர்த்துவைத்த பணத்துக்காக ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள். பிணத்தைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. இவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. அந்தக் காட்சியே சொல்லிவிடுகிறது.

அதற்குப் பிறகு அவன் செய்வதுதான் முக்கியம். கட்டிப்போட்ட மனிதரை அவிழ்த்துவிடுகிறான். அந்தப் பெண்ணிடம் தான் யார் என்ற உண்மையைச் சொல்லிவிடுகிறான். அவன் சொல்வது பார்க்கிறவர்களின் காதில் விழாது. அவள் முகத்தைப் பார்த்தாலே போதும்.

வழக்கமான படமாக இருந்தால், இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டவனுக்குப் பரிசாகக் காதலி கிடைத்துவிடுவாள். இங்கே அப்படி இல்லை. அவள் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்புகிறாள். போகும்போது தன் விலாசம் எழுதிய காகிதத்தை ஒரு ரோஜாவோடு சேர்த்து அவனுக்காக வீசுகிறாள். காற்று காகிதத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் தள்ளிவிடுகிறது. கையில் மிஞ்சியது ரோஜா மட்டும்.

படம் முடியும்போது அவன் மறுபடியும் வேலைக்கான வரிசையில் நிற்கிறான். படம் தொடங்கியபோது நின்ற அதே இடம்தான். முன்பு அங்கே நின்றவன் பெரிய ஹோட்டலை அண்ணாந்து பார்த்து ஏங்கினான். இப்போது நிற்கிறவன் அதற்குள் போய்ப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தானாகவே திரும்பி வந்தவன்.

அதற்கு ஒரு மாதம் முன்பு வந்த 'நாயகன்' படத்தின் வேலு நாயக்கருக்கு இந்த வரிசை கிடைக்கவில்லை. நீலா போன்ற மனைவி அவருக்கு இருந்தாள். அந்தக் கல்யாணம் அவரை நிறுத்தவில்லை. எதிரிகளின் கையால் அவள்தான் உயிரை விட்டாள். மகள் கேள்வி கேட்டுவிட்டு வீட்டைவிட்டே போனாள். 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்பவர்கள் அந்தப் படத்தின் பாட்டுகளை நினைவில் வைத்திருக்கிறார்கள், நீலாவின் முடிவை மறந்துவிடுகிறார்கள்.

தொரப்பள்ளிப் பார்வதி

'பேசும் படம்' எடுத்த சிங்கீதம் சீனிவாசராவுக்கு ஓசூர்ப் பக்கம் புதிதல்ல. அதற்கு 13 வருடம் முன்பு, 1974இல், அவர் தமிழில் எடுத்த 'திக்கற்ற பார்வதி' தொரப்பள்ளியில்தான் படமானது. தொரப்பள்ளி என்றால் ராஜாஜி பிறந்த ஊர். கதையும் ராஜாஜி எழுதியதுதான். பார்வதியாக லட்சுமி, கணவன் கருப்பனாக ஸ்ரீகாந்த் நடித்தார்கள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற படம்.

பார்வதியும் கருப்பனும் ஆசையாக வாழ்கிற ஜோடி. அன்புக்குக் குறைவில்லை. ஆனால் குடி வருகிறது. குடியோடு கடன் வருகிறது. கடனோடு அவமானம் வருகிறது. கணவன் வாங்கியதற்கெல்லாம் விலை கொடுக்கிறவளாகப் பார்வதி ஆகிறாள்.

ராஜாஜிக்கு இது வெறும் கதை இல்லை. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபரில், மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தவை. 1971இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். 1972 டிசம்பரில் அவர் மறைந்தார். படத்தைப் பார்க்க அவர் இல்லை.

இங்கே யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தோக்கிகோவிடம் இருந்த காதல் பார்வதியிடமும் இருந்தது. பிறகு ஏன் ஒருத்தி காதலனை நிறுத்தினாள், இன்னொருத்தி தானே நொறுங்கிப் போனாள்?

தோக்கிகோவுக்கு ஒரு வேலை இருந்தது. சொந்தச் சம்பளம் இருந்தது. 'போதும்' என்று நிற்கிற துணிச்சல் இருந்தது. பார்வதிக்கு அந்தக் கணவனையும் அந்த வீட்டையும் விட்டால் போக்கிடம் இல்லை. படத்தின் பெயரிலேயே அது இருக்கிறது, திக்கற்றவள் என்று. திக்கற்ற ஒருத்தியைக் கொண்டுவந்து, இன்னொருவனுக்குத் திசை காட்டு என்றால் அவள் எங்கே போவாள்?

கம்பெனி பஸ்ஸில் போகும் பெண்கள்

இன்றைய ஓசூர் பார்வதி காலத்து ஓசூர் இல்லை. 1980இல் இங்கிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. அடுத்து ஜப்பானின் சுஸுகியோடு கைகோத்து, 1984இல் இண்ட்-சுஸுகி பைக் வந்தது. 'பேசும் படம்' வந்த காலத்தில்தான் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் இங்கே வளர்ந்தது. இன்று கைப்பேசி உதிரிபாகம், மின்சார ஸ்கூட்டர் என்று ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி வரை புதிய ஆலைகள். அவற்றில் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள். தர்மபுரி, திருவண்ணாமலை, ஏன் ஜார்க்கண்டிலிருந்துகூட வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறார்கள்.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்குகிற பெண்களைப் பார்த்தால், ஓஸுவின் படத்தில் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் நினைவுக்கு வருவார்கள். 1933இன் டோக்கியோவில் நடந்ததுதான் இன்று இங்கே நடக்கிறது. கிராமத்தை விட்டு வந்து, முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கி, யாரைக் காதலிப்பது என்று தானே முடிவெடுக்கிற பெண்கள்.

அவர்களைத் தேடி ஜோஜிகளும் வருகிறார்கள். பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. பக்கத்திலேயே பெங்களூரு மின்னுகிறது. நெடுஞ்சாலையில் பறக்கிற கார்களைப் பார்த்துக்கொண்டே கான்ட்ராக்ட் சம்பளத்தில் வாழ்வது சுலபமில்லை. 'ஒரே அடியில் செட்டிலாகிவிடலாம்' என்று யாரோ காதில் ஓதுகிறார்கள். ஆன்லைன் சூதாட்டமோ, வட்டிக்கு விடுகிறவனின் வசூல் வேலையோ, எல்லை தாண்டிப் பாட்டில் கடத்துவதோ ஏதோ ஒன்று. ஜோஜிக்குக் கிடைத்த ஒழுங்கற்ற பணமும், கமலுக்குக் கிடைத்த ஹோட்டல் சாவியும் இன்று இந்த வடிவங்களில் வருகின்றன.

அப்படி ஒருவன் 'உனக்காகத் திருந்துகிறேன்' என்று சொல்லும்போது எந்தப் பெண்ணுக்கும் மனசு இளகத்தான் செய்யும். தன்னால் ஓர் உயிர் நல்ல வழிக்கு வருகிறது என்பது சின்னச் சந்தோஷம் இல்லை. அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை எப்படிச் சோதிப்பது?

வசனமில்லாத படங்கள் இங்கேதான் உதவுகின்றன. வாயால் திருந்துகிற வசதி அந்தப் படங்களில் யாருக்கும் இல்லை. ஏதாவது செய்துதான் காட்ட வேண்டும். கென்ஜி ஜன்னல் துடைத்தான். தோக்கிகோ விலங்குக்குக் கை நீட்டினாள். கமல் கட்டை அவிழ்த்துவிட்டு வரிசைக்குத் திரும்பினான். செய்த தப்பை உரியவரிடம் ஒப்புக்கொள்வது, ஈடுசெய்ய முடிந்ததை ஈடுசெய்வது, மெதுவாக நகர்கிற நேர்வழிக்குத் திரும்புவது என்ற இந்த மூன்றும் இருந்தால் அது திருந்துதல். இவை இல்லாமல் 'உனக்காக' மட்டும் இருந்தால், நாளைக்கு அவன் தவறும்போது பழியும் அவள் தலையில்தான் விழும். 'நீ சரியா இருந்திருந்தா அவன் ஏன் மறுபடியும் குடிக்கப் போறான்?' என்று கேட்க மாமியார் வீட்டில் ஆள் தயாராக இருக்கும்.

கடன் எவ்வளவு, யாரிடம், எப்போது அடைபடும் என்று ஒரு பெண் கேட்டால் அது காதல் இல்லாத பேச்சு ஆகிவிடாது. ஆறு மாதம் ஒரே வேலையில் இருந்து காட்டு என்று சொன்னால் அது திமிரும் ஆகாது. தோக்கிகோ துப்பாக்கியால் செய்ததை இந்தக் கேள்விகள் ரத்தமில்லாமல் செய்துவிடும். ஓடுகிறவனை ஒரு நிமிடம் நிற்க வைக்கும். அதற்கு மேல் எழுந்து எந்தப் பக்கம் நடப்பது என்பது அவன் பாடு. அந்த நடையை அவனுக்காக இன்னொருவர் நடக்க முடியாது, எவ்வளவு காதலித்தாலும் முடியாது.

பையனைப் பெற்றவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது. அவன் வாங்கிய கடனை நகை விற்று ரகசியமாக அடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பெண் பார்க்கப் போவது அவனைக் காப்பாற்றுவது ஆகாது. அவன் செய்ய வேண்டிய வேலையை அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்வதுதான் அது. பெண் வீட்டில் உண்மையைச் சொன்னால் சம்பந்தம் தவறிப் போகலாம்தான். 'பேசும் படம்' நாயகனுக்கும் அப்படித்தான் போனது. ஆனால் பொய்யில் கிடைத்திருக்கக்கூடிய அந்தக் காதல், எத்தனை நாள் ஹோட்டல் வாடகைக்குத் தாங்கியிருக்கும்?

பாகலூர், பேரிகைப் பக்கத் தோட்டங்களிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் பெட்டி பெட்டியாக ரோஜா கிளம்புகிறது. காதலர் தினத்துக்காக வெளிநாடுவரை போகிறது. அந்தப் பூவைப் பறித்து, தரம் பிரித்து, அடுக்கிக் கட்டுகிற கைகளில் பல, இதே வயதுப் பெண்களின் கைகள்தான். பூவின் விலை என்ன, அதற்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தன் வாழ்க்கையைக் கொடுக்கும் முன்பு அதற்கும் ஒரு கணக்குக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

வீட்டில் இப்படி ஒரு பையன் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து 'பேசும் படம்' பார்க்கலாம். பாட்டிக்குத் தெலுங்கு மட்டும் தெரிந்தாலும் கவலையில்லை, பேரனுக்குத் தமிழ் படிக்க வராவிட்டாலும் பாதகமில்லை. நன்றாகச் சிரிக்கலாம். கடைசி வரிசைக் காட்சி வரும்போது மட்டும் யாரும் பையனைப் பார்த்து 'பாத்தியா?' என்று கேட்க வேண்டாம். புத்திமதி கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காது அது. ஒரு வார்த்தையும் பேசாத படம் ஒன்று, அவனிடம் தானாகவே பேசிவிட்டுப் போகட்டும்.